பழைய எண்ணெய் அழுத்த உறுப்புகளை இனங்கண்டு பயன்படுத்தும் முறை

கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய் கண்டிகை, ஏரியையும் கால்நடையையும் நம்பி வாழ்ந்த சிற்றூர். இன்று அங்கே சிப்காட் தொழிற்பூங்கா உண்டு. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஆகிய இரு ஏரிகளை இணைத்து அமைக்கப்பெற்று, 2020 நவம்பரில் திறக்கப்பட்ட நீர்த்தேக்கமும் உண்டு. ஆலைகளும் மண்வாரி இயந்திரங்களும் மிகுந்த இடத்தில் கழிக்கப்பட்ட உறுப்புகள் காயலான் கடைகளில் குவிவது இயல்பே. அவற்றுள் 'ஹைட்ராலிக்' என வழங்கும் எண்ணெய் அழுத்த உறுப்புகளை வாங்கிப் பயன்படுத்த உழவர் பலர் விரும்புகின்றனர். சிக்கனம் நன்றே. ஆயினும், அளந்து சோதித்து வாங்கினாலன்றி அது சிக்கனமாகாது.

சில ஆண்டுகட்கு முன் நாம் சுற்றுப்பயணம் சென்ற ஓர் ஊரில், உழவர் ஒருவர் பழைய ஜாக்கி ஒன்றை வாங்கி டிராக்டர் டிரெய்லரில் பொருத்தியிருந்தார். அதன் புதுப் பெயின்டைக் கண்டு வாங்கியதாகக் கூறினார். எருப்பாரத்துடன் உயர்த்திய தொட்டி, யாரும் தொடாமலே மெல்ல இறங்கத் தொடங்கியது. அதன் அடியில் குனிந்து நின்ற அவர் மகன் வெளியே வந்து சில நொடிகளே ஆகியிருந்தன. உள்ளிருந்த சீல் தேய்ந்திருந்தது. பெயின்ட் அதைக் காட்டவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்நிகழ்ச்சியே.

தத்துவம்

மூடிய கலத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். இதனைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கினார். இத்தத்துவத்தைக் கொண்டு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795இல் அழுத்த இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் கிடைப்பதே விசை. இந்த ஒரு கணக்கை அறிந்தவர் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டுவதில்லை.

சிலிண்டரை இனங்காணல்

முதலில் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படிக்க வேண்டும். 80/45-500 என்றிருப்பின், பெரும்பாலும் உள்விட்டம் 80 மி.மீ., தண்டின் விட்டம் 45 மி.மீ., தண்டு நீளும் தூரம் 500 மி.மீ. என்று பொருள். தகடு இல்லையெனில் காலிபரால் அளந்து கொள்ளலாம். வெளிவிட்டத்தை உள்விட்டமெனக் கொள்ளலாகாது. எண்ணெய் செல்லும் துளை ஒன்றே இருப்பின், அது ஒரு திசையில் மட்டும் தள்ளுவது. டிப்பர் ஜாக்கிகள் பெரும்பாலும் இவ்வகையின. இரு துளைகள் இருப்பின், தள்ளவும் இழுக்கவும் வல்லது.

தண்டை முழுதும் வெளியே இழுத்து அதன் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க. நகம் தடுக்குமாயின் அக்கீறல் புதுச் சீலையும் கிழித்துவிடும். தண்டின் மேல் நேர்க்கோலை வைத்து வளைவையும் பார்க்க. சீலை மாற்றுவது சிறு செலவு. துருப்பிடித்த அல்லது வளைந்த தண்டைச் சீராக்குவது பெருஞ்செலவு.

மரையில் ஏமாறுவோர் பலர். அரை அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் அரை அங்குலமன்று. ஏறத்தாழ 21 மி.மீ. ஆகும். அதனை 22 மி.மீ. மரையென எண்ணி முறுக்கினால் இரண்டு சுற்று பிடிப்பதுபோல் தோன்றி, அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு பாயும். ஆதலின் விட்டத்தோடு மரையின் இடைவெளியையும் மரை அளவியால் சரிபார்த்தல் வேண்டும்.

பம்பை இனங்காணல்

பற்சக்கர பம்புகள் பலவற்றில் ஒரு துளை பெரிது, மற்றது சிறிது. பெரியது எண்ணெயை உறிஞ்சும் வழி. சிறியது தள்ளும் வழி. இரண்டும் ஒரே அளவாயிருந்து, கசிவு எண்ணெய்க்கென மூன்றாவது சிறு துளையும் இருப்பின், அது பம்பாயிராமல் எண்ணெய் மோட்டாராகவும் இருக்கலாம். பம்பு சுழல வேண்டிய திசை அம்புக்குறியால் காட்டப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் ஓட்டினால் தண்டின் சீல் வெளியே தள்ளப்படும்.

ஒரு கணக்கு

80 மி.மீ. சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 100 கிலோ அழுத்தம் கொடுத்தால், தள்ளும் விசை 5,000 கிலோ, அதாவது 5 டன். இழுக்கும்போது தண்டின் பரப்பு கழிந்துவிடுவதால் சுமார் 3.4 டன் மட்டுமே கிட்டும். அரை மீட்டர் நீள்வதற்கு இரண்டரை லிட்டர் எண்ணெய் வேண்டும். சுற்றொன்றுக்கு 10 கன செ.மீ. தள்ளும் பம்பை 1440 சுற்று மோட்டாருடன் இணைத்தால், நிமிடத்திற்கு 14 லிட்டர் கிடைக்கும். 11 நொடியில் வேலை முடியும். இதற்கு 5 குதிரைத் திறன் மோட்டார் போதும்.

பெயர்த்தகடு இல்லாத உறுப்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை அனுபவமிக்க பட்டறையினரே உறுதி செய்தல் வேண்டும். கோவையிலுள்ள உறுப்புகளுள் எது மிகக் குறைவாகத் தாங்குமோ, அதன் எல்லைக்குள் ரிலீஃப் வால்வைத் திருத்தி வைக்க வேண்டும். இந்த வால்வையும் ஹோஸ் குழாய்களையும் பழையனவாக வாங்கலாகாது என்பது நம் கருத்து.

சோதனை

பணம் கொடுக்கும் முன் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். தண்டு முழுதும் நீண்ட நிலையில், இயந்திரத்தை நிறுத்தி அழுத்தத்தை இறக்கியபின், தண்டுப் பக்கக் குழாயைக் கழற்ற வேண்டும். பின்னர் மறுபக்கத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். திறந்த துளையில் எண்ணெய் தொடர்ந்து வழிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. தண்டின் எதிரே எவரும் நிற்கலாகாது.

உயிர்காக்கும் விதிகள்

கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர். அட்டைத் துண்டால் பாருங்கள். ஊசித்துளைக் கசிவு தோலைத் துளைத்து எண்ணெயைச் சதைக்குள் செலுத்திவிடும். காயம் எறும்புக் கடிபோல் தோன்றினும், சில மணி நேரத்தில் அறுவை செய்யாவிடில் விரலோ கையோ போய்விடும். உடனே பெரிய மருத்துவமனைக்குச் சென்று, எண்ணெய் உட்புகுந்ததைச் சொல்ல வேண்டும்.

மூடிய சிலிண்டரை கேஸ் கட்டரால் சூடேற்றினால் அது வெடிக்கலாம். தலையில் வாயு வால்வுள்ள கனத்த குடுவையைக் கண்டால் தொடவே வேண்டா. இயந்திரம் நின்று ஆண்டுகள் ஆன பின்னும் அதனுள் நைட்ரஜன் அழுத்தத்துடன் இருக்கக்கூடும்.

உருக்காலைகளிலிருந்து வரும் உறுப்புகளில் தீப்பிடிக்காத தனி வகைத் திரவம் இருந்திருக்கலாம். அதனைச் சாதாரண எண்ணெயுடன் கலந்தால் சீல்கள் கெடும். வடித்த எண்ணெயைக் கால்வாயிலோ ஏரிக்கரையிலோ ஊற்றாதீர். 500 மில்லியன் கன அடி கொள்ளும் நமது நீர்த்தேக்கம் சென்னை மாநகரின் குடிநீருக்காக அமைந்தது. கழிவு எண்ணெயை மூடிய கலத்தில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

எப்பணிக்கு ஏற்றது?

ஊராட்சிகளில் தூய்மைக் காவலர் பிரித்துச் சேர்க்கும் பிளாஸ்டிக்கை அழுத்திக் கட்டாக்கும் இயந்திரத்திற்கு, மேற்கூறிய 5 டன் சிலிண்டர் பயன்படும். பொருள் இடம் சுருங்கினால் வண்டிச் செலவு குறையும். ஆனால், கதவு மூடினாலன்றி இயங்காத அமைப்பும், இரு கைகளாலும் அழுத்தினாலன்றி நகராத விசையும் இன்றியமையாதன. ஊராட்சிப் பணத்தில் வாங்குவதாயின் கொள்முதல் விதிகளின்படி, பொறியாளரின் பரிசோதனைக்குப் பின்னரே வாங்க வேண்டும். யார் வாங்கினும் பொருள் வந்த வழி தெரிய ரசீது பெறுக.

ஆட்களைத் தூக்கும் எவ்வேலைக்கும் இவ்வுறுப்புகள் ஆகா. டிரெய்லரை உயர்த்தியபின் இரும்பு முட்டுக் கொடாமல் அடியில் செல்லலாகாது. பழையதாயினும் புதியதாயினும், பாரத்தை உயர்த்துவது எண்ணெயின் வேலை. தாங்குவது முட்டின் வேலை. அன்று உயிர் தப்பிய இளைஞனின் வீட்டு டிரெய்லரில் இப்போது அத்தகைய முட்டு ஒன்று பற்றவைக்கப்பட்டுள்ளது. அதற்குத் தேவைப்பட்டது காயலான் கடை இரும்புத் துண்டு ஒன்றே.