பிளஸ் டூ-வில் ஆர்ட்ஸ் குரூப்பா? சேரும் முன் டிகிரியின் பெயரைப் பாருங்க!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு மார்க்?" இரண்டாவது, "என்ன குரூப்?" ஆர்ட்ஸ் என்று சொன்னதும் சிலர் "ஓ... சரி சரி" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் என்று படித்து நல்ல மார்க் எடுத்த பிள்ளைக்கு மனசு சோர்ந்துபோக அந்த ஒரு "சரி சரி" போதும். அந்தச் சோர்வில்தான் பலர் "ஏதோ ஒரு டிகிரி" என்று கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள்.

சில வேலைகளுக்கு ஏதோ ஒரு டிகிரி போதும். சில வேலைகளுக்கு அது போதவே போதாது. எந்த வேலை எந்த வகை என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொண்டால், மூன்று வருடம் கழித்து வருத்தப்பட வேண்டியிருக்காது.

எந்த டிகிரியும் போதும் என்கிற வேலைகள்

யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகள், பொதுத்துறை வங்கிகளின் பி.ஓ. தேர்வு ஆகியவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். சொல்லப்போனால், டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தில் வரலாறு, புவியியல், அரசமைப்பு, பொருளாதாரம் எல்லாம் பெரிய இடம் பிடித்திருக்கின்றன. நீங்க ஏற்கெனவே படித்த பாடங்கள்தான் இவை. ஆனால் கணக்கையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீங்க. வங்கித் தேர்வில் இந்த இரண்டும்தான் ஆர்ட்ஸ் மாணவர்களைப் பெரும்பாலும் தடுக்கின்றன. கல்லூரியில் இருக்கும்போதே தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் சமாளித்துவிடலாம்.

டிகிரியின் பெயரைப் பார்க்கும் வேலைகள்

இதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவிக்கு டீச்சர் ஆக ஆசை. பொருளியலில் நல்ல மார்க் என்பதால் பி.ஏ. பொருளியல் சேர்கிறார். மூன்று வருடம் முடித்து பி.எட். விண்ணப்பிக்கப் போனால், "பொருளியலுக்கு எம்.ஏ. முடித்திருக்க வேண்டும்" என்கிறார்கள். தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கை விதிகளில் தமிழ், ஆங்கிலம், வரலாறு, புவியியல் போன்ற பாடங்களுக்கு இளநிலைப் பட்டம் போதும். பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் போன்ற பாடங்களுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும்.

அப்படியென்றால் பொருளியல் எடுக்கவே கூடாதா? தாராளமாக எடுக்கலாம். எம்.ஏ., பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர் பணிக்கு முயற்சி செய்யலாம். ஆனால் அது ஏழு வருடப் பாதை. வரலாறு எடுத்தால் ஐந்து வருடத்தில் பி.எட். முடித்து, தகுதித் தேர்வு எழுதி, பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். வீட்டு நிலைமைக்கு இந்த இரண்டு வருடம் பெரிய வித்தியாசம். அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிங்க. சில கல்லூரிகளில் பழைய பாடத்துக்கே புதுப் பெயர் சேர்த்த பட்டங்கள் இருக்கும். குறிப்பிட்ட பட்டம் கேட்கும் அரசுப் பணிகளில், உங்கள் பட்டம் அதற்கு இணையானது என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் "இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா?" என்று தயங்காமல் கேளுங்க.

ஆர்ட்ஸ் குரூப்புக்கும் திறந்திருக்கும் மற்ற கதவுகள்

சட்டம்: பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் சேரலாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடத்துகிறது. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டிகிரி முடித்த பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கவும் வழி உண்டு.

சி.ஏ.: பிளஸ் டூ-வில் எந்த குரூப் படித்திருந்தாலும் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். காமர்ஸ் மாணவர்களுக்கு மட்டும்தான் என்பது தவறான எண்ணம்.

டேட்டா சயின்ஸ்: சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைனில் நடத்தும் பி.எஸ். படிப்புக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூ-வில் எந்தப் பிரிவாக இருந்தாலும் தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். வேறொரு டிகிரி படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

ஓவியம், சிற்பம்: 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியும் இருக்கின்றன.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இடஒதுக்கீடு உண்டு. டிகிரி கேட்கும் பதவிக்கு இந்தச் சலுகை வேண்டும் என்றால், பள்ளிப் படிப்போடு டிகிரியையும் தமிழ் வழியில் முடித்திருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்துவிட்டு, டிகிரியை மட்டும் ஆங்கில வழிக்கு மாற்றினால் டிகிரி நிலைப் பதவிகளில் இந்தச் சலுகை கைவிட்டுப் போகும். அரசு வேலைதான் குறிக்கோள் என்றால் யோசித்து முடிவெடுங்க. தனியார் வேலை, வெளிமாநில மேற்படிப்பு என்று நினைத்தால் ஆங்கில வழி கைகொடுக்கும்.

போனிலேயே செய்ய வேண்டியவை

1. உங்களுக்குப் பிடித்த இரண்டு வேலைகளை எழுதுங்க. டி.என்.பி.எஸ்.சி. அல்லது ஆசிரியர் தேர்வு வாரிய இணையதளத்தில் அந்த வேலைக்கு வந்த கடைசி அறிவிக்கையைத் திறந்து, "கல்வித் தகுதி" பகுதியை மட்டும் படிங்க. நீங்க சேர நினைக்கும் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா?

2. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டுமே.

3. தரவரிசை எப்படி என்று தெரிந்துகொள்ளுங்க. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்ற படிப்புகளுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண். மொத்த மார்க் குறைவாக இருந்தாலும் தமிழில் 95 எடுத்திருந்தால் உங்களுக்குத் தமிழ் இலக்கியத்தில் நல்ல வாய்ப்பு உண்டு.

4. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லை என்றால் இப்போதே இ-சேவையில் விண்ணப்பிங்க. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகச் சட்டம் போன்ற தொழிற்படிப்பில் சேர்கிறவர்கள் முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்கி வையுங்க. கலந்தாய்வுக்கு முதல் நாள் ஓடினால் பதற்றம்தான் மிஞ்சும்.

5. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவரா? மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்ததும் கல்லூரியில் இதற்கான பதிவைக் கேட்டு முடித்துவிடுங்க. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்க.

6. தனியார் கல்லூரி, தொலைதூரக் கல்வி என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் இணையதளத்தில் அங்கீகாரத்தைச் சரிபார்க்காமல் பணம் கட்டாதீங்க. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. "இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, சீட் முடிந்துவிடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் இரண்டு நாள் பொறுங்க.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எந்தப் பாடத்தைச் சொல்லாமலே எடுத்து வைத்துப் படிக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பாடத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்க. இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு அரை மணி நேரம், டிவியை அணைத்துவிட்டு, போனில் ஓர் அறிவிக்கையைத் திறந்து சேர்ந்து படிங்க. சந்தேகம் வந்தால் 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணில் கேட்கலாம். அடுத்த முறை "என்ன குரூப்?" என்று கேட்கிறவரிடம், என்ன படிக்கப் போகிறேன், எதற்காகப் படிக்கப் போகிறேன் என்று பிள்ளையே தெளிவாகப் பதில் சொல்லட்டும்.