கைநீட்டிக் காட்ட முடிந்ததைச் சொல்

அன்புள்ள மகனுக்கு, பெரியப்பா எழுதுவது.

கரோல்பாக்கிலிருந்து கிளம்பும் தமிழ்க் குழுக்களுக்கு நீ கைடாகப் போகப்போவதாக உன் அப்பா சொன்னான். நல்ல வேலைதான். உனக்குப் பேச்சு வரும். என் கவலையும் அதுதான். டெல்லியில் பேச்சுக்காரக் கைடுகளுக்குப் பஞ்சமே இல்லை. கூட்டத்துக்குக் கதை பிடிக்கிறது, கைடுக்குக் கைதட்டல் பிடிக்கிறது, நடுவில் கட்டடத்தை யாரும் பார்ப்பதில்லை.

தேர்ந்த கைடுகளிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. நின்ற இடத்திலிருந்து கைநீட்டிக் காட்ட முடிந்ததைத்தான் அவர்கள் முதலில் சொல்வார்கள். ராஜாக்களின் வரிசை, பட்டமேற்ற ஆண்டு எல்லாம் பஸ்ஸில் போகும்போது பேசிக்கொள்ள.

குதுப் மினாரையே எடுத்துக்கொள். பஸ்ஸை விட்டு இறங்கிய கூட்டம் நேராகக் கோபுரத்தடிக்குப் போய் அண்ணாந்து நிற்கும். உயரம் 72.5 மீட்டர் என்றால் ஒரு ‘அப்பாடி’ எழும், அடுத்த நிமிஷம் மறந்துபோகும். விவரம் தெரிந்தவர் அவர்களைப் பக்கத்து மசூதியின் பெரிய கல்திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். 1199-இல் எழுந்த அந்த வளைவுகளை உற்றுப் பார்த்தால், கற்கள் படுக்கை வரிசைகளாகவே அடுக்கப்பட்டு, ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் முன்னே நீண்டு, உச்சியில் போய்க் கூடுவது தெரியும். வளைவு வேண்டுமென்று கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். கட்டியவர்களோ தூணும் உத்தரமும் வைத்துக் கட்டிப் பழகிய உள்ளூர்க் கல்தச்சர்கள். கேட்ட வடிவத்தைத் தங்களுக்குத் தெரிந்த வழியில் செய்துகொடுத்துவிட்டார்கள்! அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் 1311-இல் அலாவுதீன் கில்ஜி எழுப்பிய அலாய் தர்வாசா. அங்கே கற்கள் ஆப்பு வடிவில் செதுக்கப்பட்டு, ஒன்றையொன்று நெருக்கித் தாங்கி நிற்கின்றன. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஒரு தொழில்நுட்பம் ஊருக்குள் வந்து நிலைத்ததற்குச் சாட்சி, அந்தச் சிறு நடைக்குள் இருக்கிறது. ஆயிரங்கால் மண்டபங்களில் நின்று பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

அதே மசூதியின் தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கியிருப்பதைக் கூட்டமே கண்டுபிடித்துக் கேட்கும். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியது என்று கிழக்கு வாசலில் உள்ள பாரசீகக் கல்வெட்டே சொல்கிறது. ஒருவர் கொதிப்பார், இன்னொருவர் பேச்சை மாற்றப் பார்ப்பார். கல்வெட்டில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது கைடுக்கு அழகு.

அதே வளாகத்தின் இரும்புத் தூண் அருகில்தான் கதை அளக்கும் சபலம் அதிகம். முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று கட்டிப்பிடித்தவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. 1997-இல் வேலி போட்ட பிறகுதான் அது ஓய்ந்தது. மர்ம உலோகம், தொலைந்துபோன ரகசியம் என்று அளப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஐ.ஐ.டி. கான்பூரில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் சொன்ன காரணம் அந்தக் கதைகளை எல்லாம்விடச் சுவையானது. பழைய உலையில் எடுத்த அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் மெல்லிய பாஸ்பேட் படலம் ஒன்று மெதுவாகப் படிந்து, துரு உள்ளே இறங்காமல் காக்கிறது. ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள தூண், குப்தர் காலத்திலிருந்து தன் சட்டையைத் தானே நெய்துகொண்டு நிற்கிறது.

மினாருக்குள் ஏறலாமா என்று யாராவது கேட்பார்கள். முடியாது. 1981 டிசம்பரில் படிக்கட்டில் விளக்கு அணைந்து நெரிசலாகி 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். அன்று அடைத்த கதவு. ஏமாந்தவர்களைப் புல்வெளிப் பக்கம் கூட்டிப் போ. அங்கே ஒரு கல் மண்டபம் தனியாக உட்கார்ந்திருக்கும். 1803 நிலநடுக்கத்தில் கோபுரத்தின் தலை விழுந்த பிறகு, ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1828-இல் உச்சியில் வைத்த தொப்பி அது. பொருந்தவே இல்லை என்று 1848-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிங் கீழே இறக்கச் சொல்லிவிட்டார். சிரிக்காமல் இதைக் கேட்ட கூட்டம் கிடையாது.

புது டெல்லியில் பலரும் தவறவிடுவது ரெய்சினா சரிவு. இந்தியா கேட்டிலிருந்து கடமைப் பாதையில் வரும்போது தூரத்தில் குடியரசுத் தலைவர் மாளிகை தெரியும். கிட்டே வர வர அது தரைக்குள் இறங்கிக்கொண்டே போகும். விஜய் சௌக்கில் நின்றால் குவிமாடத்தின் மேற்பகுதிதான் மிஞ்சும். மாளிகையை வடிவமைத்த எட்வின் லுட்யன்ஸ், செயலகக் கட்டடங்களை வடிவமைத்த நண்பர் ஹெர்பர்ட் பேக்கர், இருவரும் இந்தச் சரிவுக்காகவே முறைத்துக்கொண்டார்கள். தன் வேலைக்கு மேட்டில் இடம் வேண்டுமென்று பேக்கர் கேட்க, மாளிகை பின்னால் தள்ளப்பட்டது. வரைபடத்துக்குச் சம்மதித்த லுட்யன்ஸ், சாலையிலிருந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தார். சரிவை வெட்டிக் குறைக்கச் சொல்லி எவ்வளவோ போராடியும் நடக்கவில்லை. கூட்டத்தை நடக்கவிட்டு, மாளிகை எப்போது மறைகிறது என்று அவர்களையே சொல்லச் சொன்னால் போதும், நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

இந்தியா கேட்டில் ஒரு பொய்யைத் திருத்தியாக வேண்டும். சுவரில் உள்ளவை சுதந்திரப் போராட்ட வீரர்களின் பெயர்கள் என்று போனில் வந்த செய்தியைப் பலரும் நம்புகிறார்கள். அவை முதல் உலகப்போரிலும் அதையடுத்த ஆப்கன் போரிலும் மாண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் பெயர்கள், 13,000-க்கும் மேல். பிரான்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, கலிப்போலி என்று வளைவுக்கு மேலேயே பொறித்திருக்கிறது, படிக்கச் சொல். பின்னால் உள்ள மண்டபத்தில் ஐந்தாம் ஜார்ஜ் நின்றார், 1968-இல் அகற்றினார்கள், 2022-இல் நேதாஜி வந்தார்.

செங்கோட்டை தனி நாள். உள்ளே போனவர்கள் ‘இவ்வளவுதானா’ என்று கேட்பது நியாயம். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துவிட்டு, நடுவில் மூன்றடுக்குப் படைவீடுகளைக் கட்டினார்கள். பார்ப்பது மிச்சத்தை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், செகல், தில்லான் ஆகிய, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) அதிகாரிகள் மீது வழக்கு நடந்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். மலாயா, பர்மாவிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். உன் பஸ்ஸில் ஒரு பாட்டியாவது ‘எங்க மாமாவும் போனார்’ என்று ஆரம்பிப்பார். அவர் பேசட்டும், நீ கேட்டுக்கொள்.

மற்றபடி: திங்கட்கிழமை செங்கோட்டை கிடையாது, நோட்டீஸில் அச்சாகும் முன்பே பார். ஹுமாயூன் சமாதியின் படிகள் உயரம், முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழேயே நல்ல நிழலாகப் பார்த்து வை. ஒரு நாளில் எட்டு இடம் என்று முதலாளி கேட்பார். நான்குக்கு மேல் ஒத்துக்கொள்ளாதே. கமிஷன் கடைக்குக் கூட்டிப் போவது தவிர்க்க முடியாது என்றால் அதை மாலையில் வை, போகும் முன் கடைக்காரர் உனக்கும் ஏதோ தருவார் என்று கூட்டத்திடம் நீயே சொல்லிவிடு. தயிர்சாதம் கட்டிக்கொடுக்கிற ஆளின் நம்பரை உன் பெரியம்மா தனியாக அனுப்புகிறாள்.

அன்புடன்,
பெரியப்பா