வாயில் துணியும் வாய்ப்பேச்சும்

ஜொகூர்பாருவின் ஜாலான் துரூஸில் பழைய சீனக் கோயில் இருக்கிறது, சீக்கியரின் குருத்வாரா இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ராஜமாரியம்மன் ஆலயம். இத்தனை அக்கம்பக்கமாக வாழ்ந்தும் சீக்கியர் தலைப்பாகையைப் பற்றி நம்மவர் பேச்சில் உலவும் கதைகளுக்குக் குறைவே இல்லை.

அது பட்டுத் துணி, தைத்து வைத்த தொப்பி, காலையில் எடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்பது ஒரு கதை. இது நம் கல்யாண மண்டபங்களில் பிறந்தது என்பது என் ஊகம். மாப்பிள்ளைக்கு வாடகைக்கு வரும் ஜரிகைத் தலைப்பா அப்படித்தானே இருக்கிறது! சீக்கியர் அன்றாடம் கட்டும் தஸ்தார், அதாவது தலைப்பாகை, பெரும்பாலும் பருத்தி. பட்டு வழுக்கும், போட்ட மடிப்பு நிற்காது. பருத்தியிலும் எந்த ரகம் என்று தெரிய வேண்டுமானால் வீட்டுப் பெண்களைக் கேட்டால் போதும். வாயில் புடவையும் டூ-பை-டூ ரூபியா ரவிக்கைத் துணியும் அவர்களுக்குப் பழக்கம். தலைப்பாகைத் துணிக் கடையிலும் அதே பெயர்கள்தான்: ஃபுல் வாயில், ரூபியா. வாயிலுக்கு நூலை இறுக முறுக்கி, இழை இழையாக இடைவெளி விட்டு நெய்வார்கள். எடை குறைவு, காற்றோட்டம் உண்டு, நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தோது. ரூபியாவில் பாவும் ஊடையும் இரட்டை இழை, நெசவும் நெருக்கம். தொட்டால் மெத்தென்று இருக்கும், குறைந்த துணியிலேயே கட்டு பெரிதாகத் தெரியும். இன்னும் மென்மை வேண்டுவோருக்கு மல்மல்.

நீளம் பொதுவாக ஐந்து முதல் ஏழு மீட்டர். பாணியைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். துணியை நடுவில் வெட்டி, இரு பாதியையும் நீளவாக்கில் இணைத்து அகலத்தை இரட்டிப்பாக்கிக்கொள்வோர் உண்டு. தையல் என்று பார்த்தால் அந்த ஒரு வரிசைதான். மற்றதெல்லாம் கைவேலை. துணியை லேசாக ஈரமாக்கி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் மடிப்பதற்குப் ‘பூணி’ என்று பெயர். கூட ஆள் இல்லாவிட்டால் கதவுக் கைப்பிடியில் ஒரு முனையைக் கட்டிக்கொள்வார்கள். பிறகு ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு சுற்று இந்தக் காதின் மேல், அடுத்த சுற்று அந்தக் காதின் மேல் என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் நெற்றியில் அடுக்குகள் படிப்படியாக விழும். கடைசியில் கடித்திருந்த நுனியை விடுவித்துச் செருகி, கலைந்த மடிப்பை ஒரு நீண்ட உலோக ஊசியால் உள்ளே தள்ளிவிட்டால் முடிந்தது.

உள்ளே அட்டை வைத்திருக்கிறார்கள் என்போரும் உண்டு. அட்டை இல்லை, கஞ்சி. மலாயாவின் பழைய தலைமுறைச் சீக்கியர் பலர் நன்றாகக் கஞ்சி போட்ட துணியைக் கட்டினார்கள். காய்ந்ததும் அது விறைத்துக்கொள்ளும், கலைக்காமல் அப்படியே கழற்றி வைத்து மறுநாள் அணியவும் முடியும். தொப்பிக் கதைக்கு அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

நிறத்தை வைத்துச் சாதியோ பதவியோ சொல்ல முடியாது. பெரும்பாலும் சட்டைக்குப் பொருத்தம், அவ்வளவுதான். நிஹாங் பிரிவினருக்கு நீலம், நாம்தாரி பிரிவினருக்கு வெள்ளை என்பவை தனி மரபுகள். 1699 வைசாகியில் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கியச் சமூகத்தை நிறுவியதோடு சேர்த்துச் சொல்லப்படும் ஐந்து அடையாளங்களில் தலைப்பாகை ஒன்று என்று நினைப்பதும் தவறு. அந்தப் பட்டியலில் இருப்பது வெட்டாத கேசம். ஆனால் சீக்கிய நடத்தை விதிகளின்படி ஆண்கள் தலைப்பாகை கட்டியே ஆக வேண்டும், பெண்களுக்கு அது விருப்பம்.

இந்தத் தப்பான நம்பிக்கைகளால் யாருக்கும் பெரிய கேடில்லை. கேடு விளைவிக்கக்கூடிய நம்பிக்கை ஒன்று இருக்கிறது. மலேசியாவிலும் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலும் தலைப்பாகை அணிந்த சீக்கியர் ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். அதைப் பார்த்துவிட்டு, ‘அவ்வளவு துணி இருக்கே, அதுவே ஹெல்மெட்தான்’ என்கிறோம். விலக்கு தந்தது மதத்துக்காக. துணியைச் சோதித்துப் பார்த்துத் தந்ததல்ல. போர்க்களத்திலும் அப்படித்தான். 1942 ஜனவரியில் குளுவாங்கை அடுத்த நியோரில் 11ஆம் சீக்கியப் படையின் 5ஆவது பட்டாலியன் ஜப்பானியர் மீது துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தது. அந்தக் காலத்துச் சீக்கியச் சிப்பாய்கள் இரும்புத் தொப்பியை மறுத்துத் தலைப்பாகையோடு போருக்குப் போனவர்கள். குண்டைத் தடுக்கும் என்று நம்பி அவர்கள் அதைக் கட்டவில்லை.

துணியைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், இரண்டு கட்டு முறைகளிலும் வாயில், ரூபியா இரண்டிலும் கட்டிய தலைப்பாகைகளைப் பொம்மைத் தலையில் வைத்து மோதவிட்டார்கள். வெறுந்தலையைவிடத் தலைப்பாகை அடியைக் கணிசமாகக் குறைத்தது. எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எவ்வளவு பரப்பு மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்து வித்தியாசம் இருந்தது. சைக்கிள் ஹெல்மெட் அளவுக்குக் காக்கவில்லை. மோட்டார் சைக்கிள் வேகத்தைச் சொல்லவே வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஒரு வழி பிறந்திருக்கிறது. உச்சிக் கொண்டையின் மேல் அவர்கள் கட்டும் பட்கா மெல்லிய ஒற்றைத் துணி. கொண்டை இடிப்பதால் கடையில் வாங்கும் சைக்கிள் ஹெல்மெட் தலையில் உட்காராது. கனடாவில் டீனா சிங் என்ற தாய், உச்சியில் கொண்டைக்கு இடம் விட்டுப் புடைத்த ஹெல்மெட் ஒன்றைத் தன் பிள்ளைகளுக்காக வடிவமைத்து விற்பனைக்கும் கொண்டுவந்தார்.