நியூட்டன் பிறந்த கல் வீடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

புவியீர்ப்பு விதியைப் படிக்காத அறிவியல் மாணவர் இல்லை. ஆனால் அவ்விதியைத் தந்த சர் ஐசக் நியூட்டன் பிறந்த வீட்டைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அஃது அரண்மனையன்று, ஓர் உழவர் வீடு.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூரில் அவ்வீடு இன்றும் நிற்கிறது. நியூட்டனின் பாட்டனார் ராபர்ட் 1623ஆம் ஆண்டில் அப்பண்ணையை வாங்கினார். வீட்டின் அமைப்பைச் சற்றே காண்போம்.

சுவர்: அவ்வட்டாரத்து மண்ணுக்கடியில் கிடைப்பது சுண்ணாம்புக்கல். சுவர் முழுவதையும் செதுக்கிய கல்லால் கட்டினால் செலவு மிகும். எனவே இடையில் முரட்டுக் கற்களை அடுக்கி, மூலைகளில் மட்டும் செதுக்கிய பெருங்கற்களை வைத்தனர். அவை இரு சுவர்களையும் ஒன்றோடொன்று கவ்விப் பிடிக்கின்றன.

சன்னல்: அக்காலத்தில் பெரிய கண்ணாடிப் பலகை எளிதில் கிடைக்காது. சிறு துண்டுகளை ஈயப்பட்டையால் இணைத்தனர். அகன்ற சன்னலை நிமிர்ந்த கல் தூண்களால் பல பகுதிகளாகப் பிரித்தனர். அத்தூண்கள் மேற்சுவரின் பாரத்தையும் தாங்கும்.

கூரை: அப்பகுதிக்குத் தெற்கே உள்ள கோலிவெஸ்டன் என்னும் ஊரில் கூரைக்கான கல்லைப் பிளந்த பழைய முறை வியப்புக்குரியது. குளிர்காலத்தில் கல்லை நனைத்துத் திறந்தவெளியில் போட்டுவைத்தார்கள். உள்ளிருக்கும் நீர் உறையும்பொழுது பருமனில் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். அவ்விசையால் கல் தளர்ந்து, தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். நாம் வகுப்பில் படிக்கும் விதியை அவர்கள் தொழிலில் கையாண்டார்கள்!

1665ஆம் ஆண்டில் பிளேக் நோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபொழுது நியூட்டன் இவ்வீட்டுக்குத் திரும்பினார். சன்னலை அடைத்து, சிறு துளை வழியே வந்த ஒளியை முப்பட்டகத்தில் செலுத்தி அவர் ஆராய்ந்தது இங்கேதான் என்பர். 2017ஆம் ஆண்டில் சுவரில் காற்றாலைக் கோட்டுப்படம் ஒன்று கண்டறியப்பட்டது. சிறுவன் நியூட்டன் கீறியதாக இருக்கலாம் எனக் கருதுகிறார்கள்.

நியூட்டன் பிறப்பதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன், 1642இல், அவர் தந்தையார் காலமானார். அவருக்குத் தம் பெயரை எழுதவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலாக மிதித்தவன் நான். நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர் உண்டு. அதனால் இச்செய்தி என் நெஞ்சைத் தொட்டது.

எழுத்தறியாமை வேறு, அறிவின்மை வேறு. கல்லின் குணமும் பனியின் வலிமையும் அறிந்து வீடு கட்டியவர்களை அறியாதவர்கள் என்று எவ்வாறு சொல்வது? ஏட்டறிவு பெறும் நாம், நம் பெற்றோரின் கையறிவையும் மதித்துக் கற்போமாக.