மாலை போட்டா விட முடியுது... கழட்டினா?

கார்த்திகை பிறந்துவிட்டால் புதுக்கோட்டை டீக்கடைகளில் ஒரு மாறுதல் தெரியும். நேற்று வரை ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் சிகரெட் என்று நின்றவர்கள், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வந்து டீயை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள். கடைக்காரரும் சிகரெட்டை நீட்ட மாட்டார். நாளைக்கு ஒரு பாக்கெட் காலி செய்த ஆசாமிகள்! 41 நாளோ 48 நாளோ, ஒன்றுகூடத் தொடாமல் இருந்து விடுகிறார்கள்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிறார்கள். மறுநாள் காலை அதே டீக்கடை. "சும்மா ஒண்ணே ஒண்ணு..." ஒரே வாரத்தில் பழைய கணக்கு திரும்பி விடுகிறது.

கேட்டால், "அது சாமி சக்தி சார். நம்மால ஆகுமா?" என்பார்கள். பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த 48 நாளில் உடம்புக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்க்கலாமே!

புகையை இழுத்த பத்து விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. பழகிய மூளைக்கு அது கிடைக்காவிட்டால் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, மலச்சிக்கல், கண்டதைத் தின்னத் தோன்றும் பசி எல்லாம் வரும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் மிக மோசம். பிறகு படிப்படியாகக் குறைந்து, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் மாலையைக் கழற்றும் நாளில் உடம்பின் நச்சரிப்பு தீர்ந்து பல நாள் ஆகியிருக்கும். கஷ்டமான பகுதியைத் தாண்டி வந்தவர்தான் மறுபடி பற்ற வைக்கிறார்! அவரைக் கூப்பிட்டது உடம்பு அல்ல. அந்தக் கடை, அந்த டீ வாசனை, "வாங்க பங்காளி, ஒரு தம் போடலாம்" என்கிற அந்தக் குரல்.

மாலை போட்டிருந்தபோது அந்தக் குரல் எங்கே போயிருந்தது? அதுதான் விஷயம். ஊருக்கே தெரியும், இவர் விரதம் என்று. 'சாமி' என்று கூப்பிட்டவர்கள் யாரும் சிகரெட் நீட்டவில்லை. கூடவே பத்துப் பேர் மாலை போட்டிருந்தார்கள். சாயங்காலம் பஜனையில் அவர்களைப் பார்த்தாக வேண்டும். தப்பினால் கேட்க ஒரு குருசாமி இருந்தார். ஆரம்ப நாளும் முடிவு நாளும் முன்கூட்டியே குறித்திருந்தது. கழற்றியதும் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. ரமலான் நோன்பில் பகல் முழுவதும் புகைக்காமல் இருப்பவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான்.

விட வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் இல்லை. 2016-17-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விடும் எண்ணம் உண்டு என்றே சொன்னார்கள். எண்ணம் இருக்கிறது, கூட்டாளிதான் இல்லை.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் பல பத்தாண்டுகளாக இதய நோய் ஆராய்ச்சி நடந்து வருகிறது. அதில் 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான விவரங்களை எடுத்து, யார் யாருக்கு உறவு, யார் யாருக்கு சிநேகிதம் என்று கோடு போட்டுப் பார்த்தார்கள் கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள். 2008-ல் முடிவு வெளியானது. ஒருவர் புகையை விட்டால் அவருடைய சிநேகிதர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைகிறது. சின்ன அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவருக்கு 34, கூடப் பிறந்தவருக்கு 25. தம்பி சொல்லைவிட சிநேகிதன் செய்கை எடுபடுகிறது! (நம் வீடுகளில் தெரியாத சங்கதியா இது?) கணவன், மனைவிக்குள் 67 சதவீதம் என்கிறார்கள். நம் ஊரில் பெண்கள் அதிகம் புகைப்பதில்லை என்பதால் அந்தக் கணக்கு நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சிநேகிதர் கணக்குதான் நமக்கு.

கூட்டாளி என்றால் எந்தக் கூட்டாளியும் ஆகாது. குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் கை கொடுக்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பை 1935-ல் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். எத்தனையோ பேரைக் குடியிலிருந்து மீட்க வழிகாட்டிய அவரே சிகரெட்டை விட முடியாமல் தவித்து, 1971-ல் நுரையீரல் நோயால் இறந்தார். குடிக்கு அவர் பக்கத்தில் ஆள் இருந்தது. புகைக்கு? அந்தக் காலத்துக் கூட்டங்களில் சிகரெட் சர்வசாதாரணம்.

சேர்ந்து செய்தால் என்ன நடக்கும் என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு வெளியூர்க்காரர் சொல்ல வேண்டியதில்லை. 1991-ல் ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். ஒருத்தி தனியாக சைக்கிளில் ஏறியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். நாற்பது பேர் ஏறியபோது சிரித்தவர்கள் வழி விட்டார்கள்.

சரி, மாலை இல்லாமல் அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்வது எப்படி?

விட நினைக்கும் இன்னொருவரைப் பிடியுங்கள். ஏற்கெனவே விட்டு ஒரு வருஷம் தாண்டியவர் கிடைத்தால் இன்னும் விசேஷம். "நீ விடு, நான் அப்புறம் விடுறேன்" என்பவர் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே தேதி குறியுங்கள். குறித்ததை வீட்டிலும் ஆபீஸிலும், முக்கியமாக டீக்கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போன் பேசுங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம். "இன்னிக்கு எப்படி?" என்றால் போதும். ஏக்கம் ஒரு அலை மாதிரி; பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் வடிந்துவிடும். அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் ஆள் தேவை. போன் எடுக்கவில்லையென்றால் ஒரு சொம்பு தண்ணீர், வாயில் ஒரு கிராம்பு, தெருமுனை வரை ஒரு நடை. டீயைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட்டுக்குப் பதில் புகையிலை மெல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதுவும் வாய்ப்புற்றுக்கு வழிதான்.

வீட்டம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. வாயை ஊதச் சொல்லி மோப்பம் பிடிப்பதும், சட்டைப் பையைச் சோதிப்பதும் வேண்டாமே! அவர் ஒளித்துப் பிடிக்கக் கற்றுக்கொள்வார், அவ்வளவுதான். முதல் வாரம் எரிந்து விழுவார். அது உங்கள் மீதான கோபம் இல்லை, நிகோடின் இல்லாத கோபம். நார்ச்சத்துள்ள காய், கீரை, பழம் கூடுதலாகக் கொடுங்கள். "இன்னியோட பன்னிரண்டு நாள் ஆச்சுங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் காலண்டரில் தினம் ஒரு பெருக்கல் குறி போடட்டும்.

இடையில் ஒருநாள் தப்பி ஒன்று பிடித்துவிட்டால்? அன்று சாயங்காலமே கூட்டாளியிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் அந்த ஒன்று பத்தாகும். பலரும் பல முறை முயன்றபிறகே முழுசாக விடுகிறார்கள்.

கூட்டாளி கிடைக்காதவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். 2018-லிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே இந்த எண்ணை அச்சடிக்கிறார்கள். நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் பிடித்தவர்கள் டாக்டரைப் பார்ப்பது நல்லது. நிகோடின் சூயிங்கம், மாத்திரை என்று உதவிகள் உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002-ல் புகையிலையை விடுவதற்கென்றே தனிப்பிரிவு தொடங்கினார்கள். அந்த மருத்துவமனை 1954-ல் உருவாகக் காரணமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886-ல் பிறந்தது நம் புதுக்கோட்டையில்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் அவரை அந்த வேலையில் இறக்கியது.

ஆறு மாதம் தாண்டியவர்களுக்கும் கண்டம் ஒன்று உண்டு. கல்யாண வீடு! சாப்பாடு முடிந்து மண்டபத்து வாசலில் பழைய செட்டு நிற்கும். பாக்கெட் சுற்றி வரும். "விடப் பார்க்கிறேன் மாப்ளே" என்று சொன்னால், "ஒண்ணுல என்ன ஆகப்போகுது" என்று பதில் வரும். "விட்டுட்டேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாம்பூலப் பை வாங்குகிற வரிசையில் நின்று கொள்ளுங்கள்.