கொல்லையில் ஓர் உலை: பழைய இரும்பில் பட்டறை அமைப்பது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. இரும்போடு இத்தனை பழைய உறவுள்ள மாவட்டத்தில், சிப்காட்டும் லாரி ஷெட்டுகளும் நிறைந்த ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் பட்டறைக்கல்லுக்காகப் பெரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பழைய இரும்புக்கடையில் கிலோக் கணக்கில் வாங்கிவிடலாம். எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம்.

1. பட்டறைக்கல்

கொம்பு வைத்த வடிவத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அடி விழும் இடத்துக்கு நேர் கீழே எவ்வளவு எடை இருக்கிறது என்பதே கணக்கு. தகடு எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதிர்ந்து, பாதி அடியைத் தின்றுவிடும். 10 செ.மீ. சதுரம், 30 செ.மீ. நீளம் உள்ள கட்டை இரும்பு ஏறக்குறைய 23.5 கிலோ வரும். நிமிர்த்தி வைத்தால் வீட்டு வேலைக்குத் தாராளம்.

தண்டவாளத் துண்டையும் நிமிர்த்தியே நிறுத்துங்கள். படுக்கப் போட்டால் அடியைத் தாங்குவது மெல்லிய நடுப்பகுதிதான். நிறுத்தினால் முழு நீளமும் தாங்கும். மீட்டருக்கு 60 கிலோ ரகத்தில் 45 செ.மீ. துண்டு 27 கிலோ. ஆனால் பில் இல்லாமல் தொடாதீர்கள். ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வாங்குமுன் ஒரு பேரிங் குண்டை 25 செ.மீ. உயரத்திலிருந்து அதன்மேல் விடுங்கள். பாதி உயரத்துக்கு மேல் துள்ளினால் நல்ல கல். சொத்தென்று கிடந்தால் மெது இரும்பு. பழுத்த இரும்பை அடிக்க அதுவும் உதவும், சுத்தியல் நேரடியாகப் பட்டால் மட்டும் குழி விழும்.

2. அடிக்கட்டை

புளிய மரத்துண்டில் 5 செ.மீ. ஆழத்துக்குக் குடைந்து, கல்லை இறுக்கமாக இறக்குங்கள். கை தொங்கவிட்டு நின்றால் முஷ்டி எட்டும் உயரத்தில் கல்லின் முகம் இருக்க வேண்டும். உயரம் கூடினால் தோள் வலிக்கும், குறைந்தால் இடுப்பு போகும்.

3. உலை

தடித்த பலகையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி அடித்து, களிமண்ணும் மணலும் கலந்து இடித்து நிரப்புங்கள். நடுவே இரண்டு கை சேர்த்த அளவுக்குக் குழி. பக்கவாட்டில் 25 மி.மீ. இரும்புக் குழாய், குழியின் அடிக்குச் சற்று மேலே திறக்கட்டும். ஜி.ஐ. குழாய் கூடவே கூடாது. துத்தநாகப் பூச்சு எரிந்தால் அந்தப் புகை குளிர்காய்ச்சலில் தள்ளும். மண் நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே தீ மூட்டுங்கள். குழியைச் சுற்றிக் கூழாங்கல்லோ கான்கிரீட்டோ வேண்டாம், சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

4. காற்று

கைச்சக்கரத் துருத்தியோ சிறிய புளோயரோ போதும். காற்றைக் கூட்டிக் குறைக்க வழி இருக்க வேண்டும். காற்றை நிறுத்தியதும் குழாய் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் எரியாத வாயு புளோயருக்குள் தேங்கி, மறுபடி போடும்போது ‘டப்’ என்று வெடிக்கும்.

5. தீ

மரக்கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்து, குழாய் வாய்க்கு மேல் ஒரு சாண் குவியுங்கள். இரும்பைக் குழாய்க்கு நேராக நீட்டினால் காற்றுப் பட்டுச் செதிள் செதிளாக உதிரும். சற்று மேலே, கரிக்கு நடுவில் படுக்க வையுங்கள். பட்டறை நிழலில் இருந்தால்தான் நிறம் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் மறுபடி உலைக்கு. பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று பொருள். கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் கொல்லும் என்பதால் மூடிய அறையில் உலை மூட்டவே கூடாது. கண்ணாடி, பருத்தி உடை, தோல் ஷூ, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கட்டாயம்.

6. முதல் வேலை

எடுத்த எடுப்பில் அரிவாள் வேண்டாம். 10 மி.மீ. கம்பியில் நான்கு கொக்கி அடித்துப் பழகுங்கள்: நுனியைக் கூராக்குவது, வளைப்பது, முறுக்குவது மூன்றும் அதில் வந்துவிடும். பிறகு லாரி ஸ்பிரிங் பட்டையில் உளி செய்யலாம். காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே போனதும் வெட்டும் முனையை எண்ணெயில் முக்குங்கள். தண்ணீரில் முக்கினால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். பிறகு முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்லச் சூடேற்றுங்கள். அடர் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினால் முனை உடையாது, கூரும் நிற்கும்.