பார், காட்டு, சொல்

நுழையும்முன்

பிறந்து ஓராண்டும் நிரம்பாத குழந்தையிடம் பேசிக்கொண்டே இருப்பதால் என்ன பயன்? இவ்வினாவுக்கு விடை காண ஒரு பல்கலைக்கழகம் குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்தியது. அங்கு வளர்ந்தவர்கள் நடுத்தர வயதை எட்டும்வரை அவர்களைப் பற்றிய ஆய்வு தொடர்ந்தது. அந்தக் காப்பகம் எத்தகைய நம்பிக்கையில் எழுந்தது, எந்நெறிகளால் நடந்தது, எதைச் சாதித்தது, எங்கே தடுமாறியது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள வட கரோலைனா மாநிலத்தின் சிற்றூர்களுள் ஒன்று சேப்பல் ஹில். மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அப்பல்கலைக்கழகத்தின் கதவுகள் நெடுங்காலம் கறுப்பின மாணவர்களுக்கு அடைத்தே கிடந்தன. நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, 1951ஆம் ஆண்டில், அதன் சட்டக்கல்லூரியில் முதல் கறுப்பின மாணவர்கள் சேர்ந்தனர். அதற்கு இருபத்தோராண்டுகள் கழித்து, அதே பல்கலைக்கழகம் தன் காப்பகத்தில் ஏழைக் குடும்பத்துப் பச்சிளங்குழந்தைகளை ஏற்றது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தாய்மாரின் சராசரி வயது ஏறத்தாழ இருபது. பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்.

காப்பகத்தை நடத்திய நிறுவனம், 1966இல் தொடங்கப்பெற்ற ஃபிராங்க் போர்ட்டர் கிரகாம் குழந்தை வளர்ச்சி மையம். ஆய்வுத் திட்டத்திற்கு ‘ஏபிசிடேரியன்’ எனப் பெயரிட்டனர். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்துகளிலிருந்து பிறந்த சொல் அது. ‘அரிச்சுவடி படிப்பவர்’ என்று தமிழில் அதற்குப் பொருள் கொள்ளலாம். அத்திட்டத்தின் குழந்தைகளோ எழுத்தறியும் வயதுக்கு நெடுந்தொலைவில் இருந்தவர்கள். பலர் சேர்க்கப்பட்டபோது ஐந்து மாதம்கூட நிறையவில்லை.

தெரிந்து தெளிவோம்
மையத்தின் பெயருக்கு உரிய ஃபிராங்க் போர்ட்டர் கிரகாம், வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1950இல் நடந்த தேர்தலில், இனச் சமத்துவத்திற்கு ஆதரவானவர் என்ற பரப்புரையால் செனட் பதவியை இழந்தார். பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் பிரதிநிதியாகக் காஷ்மீர்ச் சிக்கலில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே பேச்சு நடத்தினார்.

அக்காலத்து வழக்கு

வறுமையில் பிறந்த குழந்தைகள் பள்ளியில் பின்தங்குவது ஏன்? 1960களில் அமெரிக்காவைப் பிளவுபடுத்திய வினா இது. 1965இல் அந்நாட்டு அரசு ‘ஹெட் ஸ்டார்ட்’ என்னும் முன்பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த மதிப்பீட்டு அறிக்கை, அதன் பயன் பள்ளியின் தொடக்க வகுப்புகளிலேயே தேய்ந்துவிடுவதாகக் கூறியது. அதே 1969இல் ஆர்தர் ஜென்சன் என்னும் உளவியலாளர், நுண்ணறிவு பெரும்பாலும் மரபுவழி அமைவது என்றும், ஈடுசெய் கல்வி முயன்று பார்க்கப்பட்டுத் தோற்றுவிட்டது என்றும் எழுதினார். அவர் கூற்றில் கறுப்பின மக்களைப் பற்றிய முடிவும் பொதிந்திருந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்தது.

சினத்தால் ஒரு கருத்தை மறுத்துவிட முடியாது. அதை மறுக்கச் சான்று வேண்டும். கிரேக் ரேமி என்னும் உளவியலாளரும் ஜோசப் ஸ்பார்லிங் என்னும் கல்வியாளரும் வேறொரு வினாவை எழுப்பினர். நான்கு வயதில் தொடங்கிய உதவி நிலைக்கவில்லை என்றால், உதவியே வீண் என்று கொள்ள வேண்டுமா? தொடக்கம் காலம் கடந்தது என்று கொள்ளக் கூடாதா?

காப்பகத்தின் நெறிகள்

ஒரு நிறுவனத்தின் கொள்கையை அறிய அதன் அறிவிப்புப் பலகையைப் படிப்பதைவிட, அதன் நேரக் குறிப்பையும் ஆள் கணக்கையும் பார்ப்பது நல்லது. சேப்பல் ஹில் காப்பகம் வாரத்தில் 5 நாள், ஆண்டில் 50 வாரம் நடந்தது. குழந்தைகள் காலையில் வந்து மாலையில் திரும்பினர். அழைத்துவரவும் கொண்டுவிடவும் மையமே ஊர்தி ஏற்பாடு செய்தது. பெற்றோர் கட்டணம் செலுத்தவில்லை. கைக்குழந்தைகளில் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் இருந்தார். குழந்தைகள் வளர வளர அந்த எண்ணிக்கை ஆறு வரை உயர்ந்தது.

பாலர் காப்பகங்கள் பலவும் இன்றும் தயங்கும் ஒரு நெறியும் அங்கு இருந்தது. சளியோ சிறு காய்ச்சலோ கண்ட குழந்தையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. மையத்திலேயே மருத்துவக் கவனிப்பு இருந்தது. குழந்தைகள் கூடி வாழும் இடத்தில் மூச்சுத்தொற்று எவ்வாறு பரவுகிறது என்பதை மருத்துவர்கள் அங்கேயே ஆராய்ந்தனர். அன்றாடக் கூலியை நம்பிய தாய்க்கோ அது வேறு வகையில் பயன்பட்டது. குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது என்பதற்காக அவர் வேலையை இழக்க வேண்டியதில்லை.

தாயின் வாழ்வும் அதனால் மாறியது. பதின்பருவத்திலேயே தாயானவர்களுள், குழந்தையைக் காப்பகத்தில் விட்டவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாகப் படிப்பைத் தொடர்ந்தனர். குழந்தைக்கென வகுத்த நெறி தாய்க்கும் பயன் தந்தது. ஆய்வின் முதன்மை நோக்கத்தில் இல்லாத இப்பயனைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேச்சே பாடம்

காப்பகத்தில் பாடவேளை என்று தனியே பிரிக்கப்பட்ட நேரம் குறைவு. அணையாடை மாற்றுவதும் பால் புகட்டுவதும் உறங்கவைப்பதுமே கற்பிக்கும் பொழுதுகள். அணையாடை மாற்றும்போது பராமரிப்பாளர் வாய்மூடி இருக்கலாகாது. கையைத் தூக்கினால் அதன் பெயரைச் சொல்ல வேண்டும், குழந்தை ஓர் ஒலி எழுப்பினால் அதற்கு விடையிறுக்க வேண்டும், பின் சற்றுப் பொறுத்து அதன் மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருத்தலும் உரையாடலின் ஒரு பகுதி என்பது அங்கு கடைப்பிடித்த நுட்பம்.

கண்ணாமூச்சி, ஒளித்த பொருளைத் தேடுதல், பாவனை விளையாட்டு போன்ற எளிய ஆடல்களை ஸ்பார்லிங் குழுவினர் வயது வரிசையில் தொகுத்தனர். ஒவ்வோர் ஆடலும் சில நிமிடங்களில் முடியும். எந்தக் குழந்தைக்கு எப்போது எது தேவை என்பதைப் பராமரிப்பாளரே தேர்ந்தார்.

நூல் வாசிப்பும் உரையாடலாகவே நடந்தது. வாசிப்பவர் குழந்தையை மடியில் இருத்திப் படத்தை நோக்கி முதலில், “பார்” என்பார். குழந்தையின் கண் படத்தில் நின்றால் போதும். சில வாரங்கள் கழித்து, “பூனை எங்கே? காட்டு” என்பார். சின்ன விரல் படத்தைத் தொடும். அதன் பின்னரே, “இது என்ன? சொல்” என்னும் கேள்வி வரும். பார்த்தல், காட்டல், சொல்லல் என்னும் இம்மூன்று படிகளில், பேசத் தெரியாத குழந்தையும் முதல் நாளிலிருந்தே உரையாடலில் பங்குபெற்றது. குழந்தை பேசக் கற்ற பின் அதனோடு பேசலாம் என்று பெரியவர்கள் பலர் எண்ணுகின்றனர். அக்காப்பகம் இவ்வரிசையைத் தலைகீழாக்கியது.

குலுக்கலில் விடுபட்டவர்கள்

1972 முதல் 1977 வரை பிறந்த 111 குழந்தைகள் ஆய்வில் இடம்பெற்றனர். அவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தனர். 57 பேருக்குக் காப்பகத்தில் இடம் கிடைத்தது. 54 பேர் ஒப்பீட்டுக் குழுவில் அமைந்தனர். இரண்டாம் குழுவினர்க்கும் இரும்புச்சத்துச் சேர்த்த பால்மாவும் சமூகநல உதவியும் வழங்கப்பட்டன. பின்னர்த் தோன்றும் வேறுபாட்டை ஊட்டச்சத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது என்பது அதற்கொரு காரணம்.

நல்லது என்று நம்பும் ஒன்றைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துச் சிலருக்குக் கொடாமல் விடுவது அறமாகுமா? எளிதில் தள்ளிவிடக்கூடிய வினா அன்று இது. எல்லாருக்கும் இடமில்லாதபோது குலுக்கலே நடுநிலையானது என்பது ஆய்வாளர் தரப்பு. காப்பகம் பயன் தரும் என்பது அன்று மெய்ப்பிக்கப்படவும் இல்லை. ஒப்பீட்டுக் குழுவினர் வேறு காப்பகங்களுக்குச் செல்லத் தடையில்லை, சிலர் சென்றனர். இத்தனைக்குப் பிறகும், சீட்டு விழாத குழந்தையின் தாய்க்கு அவ்விடை நிறைவளித்திருக்குமா என்பது ஐயமே. காப்பகத்தின் பெருமையைப் பேசுவோர் அந்த 54 குழந்தைகளையும் உடன் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் இன்றேல் அதன் பயனை யாரும் அறிந்திருக்க இயலாது.

காலம் சொன்ன விடை

மூன்று வயதில் இரு குழுவினர்க்கும் இடையே நுண்ணறிவு ஈவில் பதினைந்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் வேறுபாடு இருந்தது. இருபத்தொரு வயதில் அது நான்கைந்து புள்ளிகளாகச் சுருங்கிவிட்டது. ஆய்வு இந்த ஓர் அளவுகோலோடு நின்றிருந்தால் ஜென்சன் வென்றதாகவே தோன்றியிருக்கும். பிரான்சிஸ் கேம்பெல் என்னும் உளவியலாளர் தலைமையில் தொடர்ந்த ஆய்வுகள் வாழ்க்கையின் பிற பக்கங்களையும் அளந்தன. 15 வயதிற்குள் ஒப்பீட்டுக் குழுவினரில் 55 விழுக்காட்டினர் ஒரு வகுப்பிலேனும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தனர். காப்பகக் குழுவில் 31 விழுக்காட்டினரே. 30 வயதில் பட்டம் பெற்றிருந்தோர் காப்பகக் குழுவில் 23 விழுக்காடு, மற்றதில் 6 விழுக்காடு. 2014இல் வெளிவந்த ஆய்வோ உடல்நலத்தை நோக்கியது. முப்பது வயதின் நடுப்பகுதியில், காப்பகத்தில் வளர்ந்த ஆண்களின் இரத்த அழுத்தம் மற்றவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது.

எல்லாம் வெற்றியாக முடியவில்லை. சட்டமீறல்களைப் பொறுத்தவரை இரு குழுவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குழந்தைகளின் எண்ணிக்கை சிறிது. அனைவரும் ஓர் ஊரைச் சார்ந்தவர்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்காக 1980களில் எட்டு ஊர்களில் இதே முறையைப் பின்பற்றியபோது, மூன்று வயதில் தென்பட்ட பயன் பிற்காலத்தில் பெரிதும் மங்கியது. அங்கு மூன்றாம் வயதோடு காப்பகப் பராமரிப்பு நின்றுவிட்டது. சேப்பல் ஹில்லில் ஐந்து வயதுவரை நீடித்தது. வேறுபாட்டுக்கு அதுவே காரணமா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை.

2018இல் வெளியான ஆய்வு இக்காப்பகம் தொடங்கியபோது யாரும் எண்ணிப்பாராத ஒன்றைச் சோதித்தது. அன்றைய குழந்தைகளுள் 78 பேர், அப்போது நாற்பதை ஒட்டிய வயதினர், ஒரு பண விளையாட்டில் பங்கேற்றனர். பொதுத் தொகை ஒன்றை மற்றொருவர் இருவருக்குமாகப் பங்கிட்டுத் தருவார். ஏற்றால் இருவரும் தத்தம் பங்கைப் பெறலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. தமக்குக் குறைவாகக் கிடைத்தபோது மறுத்தவர்கள் இரு குழுவிலும் இருந்தனர். காப்பகத்தில் வளர்ந்தவர்களோ, தமக்கு மிகுதியாகவும் எதிரில் இருப்பவர்க்குக் குறைவாகவும் அமைந்த பங்கீடுகளையும் மற்றவர்களைவிட மிகுதியாக மறுத்தனர்.